அண்ணன் கண்டெடுத்த வார்த்தை

ஆரணி
3.6.2025

அண்ணி,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். அரை மணி நேர பஸ் தூரத்துக்கு யாராவது தபாலில் கடிதம் போடுவார்களா? தபால் ஆபீசில் இருந்த அம்மா கவரைத் திருப்பிப் பார்த்து, "களம்பூருக்கா? நடந்தே போய்க் குடுத்துடலாமே" என்றார். நேரில் வந்தால் நான் மறுபடி வாயைத் திறப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போய்ப் பத்து நாள் ஆகிறது. அண்ணன் காலையில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார். நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுக்கிறார். எடுத்தபடியே இருக்கிறார். பதினொன்றுக்கு அம்மா கூப்பிட்டதும் எழுந்து வந்து இரண்டு வாய் சாப்பிடுகிறார். "தூங்கினியாப்பா?" என்று அவள் கேட்டால், "தூங்கினேன்" என்கிறார். கண்ணைப் பார்த்தால் தெரிகிறது, இல்லை.

அன்றைக்கு நான் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை வாங்கிப் போகிற மணவாளன் வாசலில் நிற்கிறார். எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள், "அவருக்கு டிப்ரஷன்ங்க, புடவ கொஞ்சம் லேட் ஆவும்" என்றீர்கள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது என்று சொல்வது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க அண்ணனுக்கு இன்னா பேரு வெக்கிறீங்க? உங்க ஊட்ல துக்கத்துக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேரு வெச்சி மாத்திர முழுங்குவீங்க. எங்க ஊட்ல அந்த வழக்கம் இல்ல" என்றேன். நீங்கள் ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். நம் ஜனங்கள் சந்தோஷத்தைத் தமிழில் சொல்கிறார்கள். துக்கம் வந்தால் மட்டும் இங்கிலீஷுக்கு ஓடுகிறார்கள். 'டெத்' என்கிறார்கள். 'பாடி எப்ப எடுக்கறாங்க' என்கிறார்கள். மூட் அவுட், ஃபீலிங், டைவர்ஸ். சோர்வு, வாட்டம், ஏக்கம், கலக்கம் என்று இத்தனை சொற்கள் இருக்கும்போது அண்ணனுக்கு எதற்கு ஒரு மருந்துச்சீட்டு வார்த்தை?

உங்களைக் கூப்பிட்டு இதை எழுதவில்லை. ஆனால் அண்ணன் தினமும் உங்கள் தலையணையை வெயிலில் போட்டு எடுக்கிறார்.

பரிமளா


களம்பூர்
9.6.2025

பரிமளா,

உன் கவரை வாங்கியது என் அப்பா. தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கோர்ட் நோட்டீசா?" என்றார். நாத்தனார் கடிதம் என்றேன். "அத விட மோசம்" என்று கையில் கொடுத்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, "இன்னா எழுதிக்கிறா?" என்று மூன்று முறை கேட்டார். கல்யாணத்துக்கே வராத மனுஷன். மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா என்று மட்டும் தெரிய வேண்டுமாம்.

நீ நிறையப் படிப்பவள். உன்னிடம் வாதம் பண்ண எனக்கு வராது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மில்லில் அருள்மணி என்று ஒரு லாரி டிரைவர். போன மாதம் அவன் மனைவி குழந்தையோடு வெம்பாக்கம் போய்விட்டாள். காலையில் வந்து அப்பா முன்னால் நின்றான். முகம் வீங்கியிருந்தது. "இன்னாடா?" என்றார் அப்பா. "மூட் அவுட்டுங்க" என்றான். அப்பா ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதையே அவன் தமிழில் சொல்லியிருந்தால், யார் என்ன பேசினார்கள், யார் கை ஓங்கினார்கள் என்று மில் முழுக்க அவனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தை ஒரு தட்டி மாதிரி, பரிமளா. அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிம்மதியாக அழலாம்.

என் தம்பி ரயில்வே கேட் பக்கத்தில் பைக்கில் அடிபட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா இன்றுவரைக்கும், "அந்த ஆக்சிடெண்டுக்கு அப்புறம்" என்றுதான் பேசுவாள். அந்தப் பேச்சில் அவன் பெயர் வராது. அதை நீ ஓட்டம் என்றால் சொல்லிக்கொள். எனக்கு அது, ஒரு பெண் உடைந்துபோகாமல் ஒன்பது வருஷம் சோறு வடித்த கதை.

இன்னொன்று. இதை எழுதக் கூடாது என்றிருந்தேன்.

டிப்ரஷன் என்பது நான் வைத்த பெயர் இல்லை. உன் அண்ணன் வைத்தது. சித்திரையில் திருமலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோமே, அன்றைக்கு பஸ்ஸில் போனை என்னிடம் நீட்டினார். "இளா, இத படி. இது நானே தான்." ஏதோ ஆஸ்பத்திரிக்காரர்கள் இங்கிலீஷில் எழுதியது. பத்தாவதில் இங்கிலீஷில் இரண்டு முறை தேறாத மனுஷன், ஒரு வாரம் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். தெரியாத வார்த்தைகளைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "இதுக்கு ஒரு பேரு இருக்குது. பேரு இருக்குதுன்னா நான் ஒருத்தன் மட்டும் இல்லன்னு தான?" என்றார். அப்புறம், "மணவாளன் கிட்ட நீயே சொல்லிடு. சோம்பேறின்னு நெனைச்சிக்குவாரு. அம்மாவுக்கும் பரிமளாவுக்கும் மட்டும் வேணாம், பயந்துக்குவாங்க" என்றார்.

நீ அன்றைக்குத் திட்டியது அந்த வார்த்தையை. அவர் உள்ளே தறிக்குழியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இளமதி


ஆரணி
14.6.2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை மாடியில் போய்ப் படித்தேன். இறங்கி வர வெகு நேரம் ஆயிற்று.

நான் தப்பு செய்துவிட்டேன். உங்களிடம் செய்ததை விட அண்ணனிடம். ஒரு மனிதர் மாதக்கணக்கில் இருட்டில் துழாவி ஒரு பிடியைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் அதைத் தட்டிவிட்டேன். அதுவும் தமிழின் பேரில்.

நேற்று மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சோர்வா, கவலையா, மனசு சரியில்லையா என்று இந்த ஐந்து மாதமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும், "ஒண்ணும் இல்ல" என்பதுதான் பதில். நேற்று, "ண்ணா, டிப்ரஷனா?" என்றேன். வெட்கத்தில் எனக்குக் காது சூடானது.

சட்டென்று திரும்பிப் பார்த்தார். "ம்" என்றார்.

"எவ்ளோ நாளா?"

"பொங்கல்லேந்து. தை மாசம் ஆரம்பிச்சிது."

"ஏன் ண்ணா? இன்னா ஆச்சி?"

"அதான் பேஜாரு. ஒண்ணுமே ஆவல. ஏதாவது ஆயிருந்தாலும் தேவலாம். ஊட்ல எல்லாரும் நல்லாக்கிறீங்க. எனக்கு மட்டும் சோத்துல ருசி இல்ல."

அரை மணி நேரம் பேசினார், அண்ணி. நான் பேசவே இல்லை. அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை நாம் இடுக்கியால் பிடித்து இறக்குகிறோம் இல்லையா. வெறுங்கையால் ஏன் தொடவில்லை என்று யாரையாவது கோழை என்போமா? நான் கேட்ட அத்தனை நல்ல தமிழ்ச் சொற்களும் அவருக்கு வெறுங்கை. எத்தனையோ புத்தகம் படித்த எனக்குக் கிடைக்காத இடுக்கி, பத்தாவது தேறாத அண்ணனுக்குக் கிடைத்திருக்கிறது.

வேலூரில் மனநல டாக்டர் ஒருவரிடம் 26-ஆம் தேதி வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். அண்ணன் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை, "இளா வந்தா போறேன்."

வருவீர்களா?

பரிமளா


களம்பூர்
18.6.2025

பரிமளா,

தப்பு என்று எழுதிவிட்டாய். போதும். எனக்கு இப்போது உன்மேல் கோபம் இல்லை.

ஆனால் வர மாட்டேன். கோபமாக இருந்தால் கிளம்பி வந்திருப்பேன். இது பயம். பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறேன், அவர் என்னைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். நாலு மாதம் அந்தப் பார்வையைப் பார்த்தவள் நான். டாக்டர் முன்னால் அவர், "இவளும் எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டால்? நோய்தான் பேசுகிறது என்று புத்திக்குத் தெரியும். மற்றதற்குத் தெரியாது.

நீ கூட்டிக்கொண்டு போ. அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல் துவைத்துவிடாதே.

இளமதி


ஆரணி
28.6.2025

அண்ணி,

இதை வேலூருக்கு, நீங்களும் அண்ணனும் தங்கியிருக்கும் உங்கள் சித்தி சுபலட்சுமி வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமை நடந்ததற்கு நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு அவகாசமே இல்லை. உங்கள் வேன் கிளம்பிப் போன பிறகும் தெருவில் கூட்டம் கலையவில்லை. "இன்னா டி, இருக்கிறானா இல்லையா?" என்று எதிர் வீட்டில் என்னைக் கேட்டார்கள்.

அன்று காலை ஏழு மணிக்கே அண்ணன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்கு, "இளா எங்க?" என்றார். "வரலியாம் ண்ணா, நான் வரேன்" என்றேன். சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக. உங்கள் அப்பா நம்பருக்குப் போன் போட்டேன்.

அவரிடம், "அண்ணனுக்கு டிப்ரஷன், இன்னிக்கு டாக்டர் பாக்கணும், அண்ணி வந்தா தான் போவாரு" என்று சொல்லியிருக்கலாம். ஒரே மூச்சில் முடிந்திருக்கும். ஆனால் அவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அதற்கு ஈடாக ஒரு தமிழ்ச் சொல்லும் என்னிடம் இல்லை. "மாமா, அண்ணிய இட்டுக்கினு உடனே கெளம்பி வாங்க. போன்ல சொல்ல முடியாது" என்றேன்.

"யாருக்கும்மா?" என்றார்.

"அண்ணனுக்கு."

போனில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "தைரியமா இரு கண்ணு. நாங்க எல்லாரும் வந்துடறோம்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர், தைரியம் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் எதற்கு என்று யோசிக்கவில்லை. நம் பக்கத்தில் நெருங்கிய உறவுக்குச் சாவை யாரும் போனில் உடைத்துச் சொல்வதில்லை. கேட்பவர் வழியில் விழுந்துவிடுவார் என்று, 'உடனே கெளம்பி வாங்க' என்றுதான் சொல்வோம். என் அப்பா போனபோது நானே அப்படித்தான் எட்டுப் பேருக்குச் சொன்னேன். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வேன் கதவு திறந்தபோது நீங்கள் பின்சீட்டில் இருந்தீர்கள். வாசலில் நடந்ததை முழுக்கப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் பெரியத்தை விருத்தாம்பாள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு முதலில் இறங்கினார். "எங்க ராசா, போயிட்டியா!" என்று அவர் எடுத்த குரலில் எதிர் வீட்டுப் பெண்கள் கேள்வி கேட்காமல் கூடச் சேர்ந்து அழுதார்கள். அம்மா உள்ளே சாமி அறையில் இருந்தாள். சத்தம் கேட்டு அண்ணன்தான் கதவைத் திறந்தார், கழற்றிய பொத்தான்களோடு.

உங்கள் அத்தை அப்படியே நின்றார். அப்புறம் ஓடி வந்து அவர் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தார். "பாவி! உயிரோட இருக்கிறியேடா!" என்று இன்னொன்று.

அவருக்குப் பின்னால் உங்கள் அப்பா, கையில் பெரிய ரோஜா மாலை. கீழே வைக்கவும் தெரியவில்லை, மறைக்கவும் தெரியவில்லை. அண்ணன் மாலையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"இன்னா மாமா, கல்யாணத்துக்குக் கொண்டார வேண்டியதா?"

ஐந்து மாதத்தில் அண்ணன் சொன்ன முதல் வேடிக்கை அது. உங்கள் அப்பா மாலையை அப்படியே தெருவில் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். அம்மா வெளியே வந்து பார்த்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். எதற்கு என்று அவளுக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

உங்களுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தவள் நான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன். மன்னியுங்கள்.

பரிமளா


வேலூர்
4.7.2025

பரிமளா,

ஆமாம். களம்பூரிலிருந்து ஆரணி வரைக்கும் எனக்குப் புருஷன் இல்லை.

வேனில் என் பக்கத்தில் சித்தப்பா ஜெகநாதன் உட்கார்ந்திருந்தார். போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நம்ம இளமதி ஊட்டுக்காரரு எக்ஸ்பயர் ஆயிட்டாரு. ஆமா, சடன்னு. பாடி ஆரணியில தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு பேருக்கு. மாத்திரை அட்டையில் தேதி போட்டிருக்குமே, அந்த வார்த்தை. வேறொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரே ஒரு முறை, "செத்துட்டாரு" என்று சொல்லியிருந்தால் ஓடுகிற வேனிலிருந்து குதித்திருப்பேன். 'எக்ஸ்பயர்' என்பதால் அது யாருக்கோ நடந்தது போல இருந்தது. சித்தப்பாவும் தெரிந்துதான் அப்படிச் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மன்னிப்பு வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. அவர் என்னைச் சுவர் மாதிரி பார்த்தால் என்ன, பார்க்க ஒரு ஆள் இருந்தால் போதும். அதனால்தான் இறங்கியதும் ஒன்றும் பேசாமல், "வண்டிய வேலூருக்குத் திருப்புங்க" என்றேன். சாவுக்கு வந்த பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார்கள். பெரியத்தை கூந்தலை முடிந்துகொண்டு டாக்டர் அறை வாசலில் காவல் மாதிரி உட்கார்ந்தார்.

இனி எழுதுவதை உன் அண்ணனே எழுதச் சொன்னார். மறைக்க வேண்டாம், அம்மாவுக்கும் படித்துக் காட்டு என்றார்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். முதல் நாள், "சொல்லுங்க" என்றார்கள். உன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, "டிப்ரஷன்" என்று படித்தார். டாக்டர் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்கள். "இதெல்லாம் நீங்களே படிச்சிங்களா?" "ஆமாங்க." "இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இந்த எடம் வரைக்கும் வர ரெண்டு வருஷம் ஆவுதுங்க. நீங்க தனியாவே வந்துட்டிங்க" என்றார்கள். பரிமளா, உன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று மூன்றாவது முறை போனோம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்கள். "செத்துடலாம்னு தோணிச்சாங்க?"

அந்த அறையில் அதுவரை யாரும் அந்த வார்த்தையைத் தமிழில் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தோணிச்சிங்க. பங்குனியில ஒரு வாரம். தெனமும்."

"இப்ப?"

யோசித்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப இல்லங்க."

அப்படி ஒரு வாரம் என் பக்கத்தில் நடந்திருக்கிறது. நான் இட்லிக்கு ஊறப்போட்டிருக்கிறேன், புடவைக்கு ஃபால்ஸ் தைத்திருக்கிறேன். அந்த வாரத்தை அவர் ஒருத்தராகவே கடந்து வந்திருக்கிறார். வந்த பிறகு உட்கார்ந்து, தெரியாத பாஷையில் எழுத்துக் கூட்டி, தனக்கு என்ன வந்தது என்று தேடியிருக்கிறார். எனக்கு வாய்த்த ஆளைப் பற்றி எனக்கே இவ்வளவு நாள் தெரியவில்லை.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. வேலை செய்ய இன்னும் சில வாரம் ஆகுமாம். மாதம் இரண்டு முறை வந்து போக வேண்டும். அவசரமாகத் தறியில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்கள். மணவாளனிடம் இந்த முறை தானே பேசுவதாக உன் அண்ணன் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை 13-ஆம் தேதி வருகிறோம். நான் களம்பூருக்குத் திரும்ப மாட்டேன்.

இளமதி


ஆரணி
8.7.2025

அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அண்ணன் சொன்னபடியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'எக்ஸ்பயர்' என்ற இடத்தில் சிரித்தாள். டாக்டர் சொன்னதற்கு, "பத்தாவதுல இங்கிலீஷு வாத்தியாரு அவன முட்டி போட வெச்சாரு, தெரியுமா உனக்கு?" என்றாள், அந்த வாத்தியார் எதிரில் நிற்பது போல.

அடுத்த பத்தி வந்ததும் நான் நிறுத்தினேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே ஏதாவது இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுப் படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அத்தனை பேசிய நான்தான், அண்ணி. ஆனால் அண்ணன் மறைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே. உள்ளபடியே படித்தேன்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அதை விலக்கி, "பங்குனியில எந்த வாரம்?" என்றாள்.

"எழுதலம்மா."

"உத்திரத்தன்னிக்கு நான் கோயில்லயே கெடந்தேன் டி. அவன் தனியா இருந்தான்."

கடிதத்தை மடிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த எடத்தப் படி."

"எந்த எடம்?"

"டாக்டரு இப்பன்னு கேட்டதுக்கு அவன் கடைசியா சொன்னானே, அது."

படித்தேன். "மறுபடி" என்றாள். மறுபடி படித்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வரியை.

பரிமளா